சிரிக்காதக்கா

அடி வாங்கி வந்தவர்களும் கேமராவைக் கண்டால் சிரிக்கிறார்கள். அக்கா முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. கன்னம் கிழிந்தவர், விரல் போனவர், சுவரில் மோதப்பட்ட நெற்றி எலுமிச்சை அளவுக்குப் புடைத்து நிற்பவர், யாராக இருந்தாலும் லென்ஸ் முகத்துக்கு நேரே வந்ததும் உதட்டின் ஓரம் தானாக மேலே ஏறிவிடுமாம். சந்தோஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவது போல ஒரு மரியாதை. அதனால் மருத்துவமனையில் கேஸுக்காகக் காயங்களைப் படம் எடுக்கும் காயப் பட அறைக்குள் வரும் யாரிடமும் அக்கா முதலில் சொல்வது ஒன்றுதான்: "சிரிக்காதீங்க."

ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சொல்வாள். கேட்டுக் கேட்டு வார்டில் இருந்தவர்கள் அவளுக்குச் 'சிரிக்காதக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வரும் நர்ஸுகள் ஏதோ உம்மணாமூஞ்சி இருக்கிறாள் என்று பயந்துகொண்டே எட்டிப்பார்ப்பார்கள். உள்ளே அவள் வாயில் டீயை வைத்துக்கொண்டு சிரித்து, அது மூக்கில் ஏறி, இருமிக்கொண்டிருப்பாள்.

அவள் இறந்து பத்து வாரம் ஆகிறது. பல ஆயிரம் படங்கள் எடுத்தாள். அவளுடைய வாழ்க்கையை மாற்றியது அவற்றில் ஒன்று.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு ஸ்டுடியோவில் இருந்தாள். பாஸ்போர்ட் படம், கல்யாண ஜோடி, கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்கும் குழந்தை. முக்காலியில் உட்கார வைத்து, முகவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, இரண்டடி பின்னால் போய், "கொஞ்சம் சிரிங்க" என்பாள். முதலாளி ஒருநாள் உள்ளறையில் அவள் இடுப்பில் கை வைத்தார். கேமரா ஸ்டாண்டை மடக்கி அவர் முழங்காலில் ஒரே போடு போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் கடை வாசல்வரை கேட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "சத்தத்தை நீ கேட்டியா?" என்று நான் கேட்டேன். "நான் அப்ப செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்டி" என்றாள்.

அவள் பயந்தவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னால் ஒருநாள் பயந்தாள். எதற்குப் பயந்தாள் என்பதும் வரும்.

காயப் பட அறை அவசரப் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு அழுக்குத் துணி மூட்டைகளைப் போட்டுவைத்த இடம். ஜன்னல் கிடையாது. சாம்பல் நிறத் திரை ஒன்று, இரும்பு ஸ்டூல் ஒன்று, இரண்டு விளக்குகள். தரையில் மூலையில் ஒரு வடிகால் ஓட்டை, ரத்தத்தைக் கழுவிவிட. தையல் போடுவதற்கு முன்னால் படம் எடுத்தாக வேண்டும். தைத்துவிட்டால் எந்தக் காயமும் அடக்கமாகிவிடும், பிறகு அது யாரையும் காட்டிக்கொடுக்காது என்பாள். வெளியே டூட்டி டாக்டர் கையில் ஊசியோடு நின்று கத்துவார். "ரெண்டே நிமிஷம் டாக்டர், செத்துற மாட்டாரு" என்று உள்ளிருந்து இவள் கத்துவாள். ஸ்டூலில் இருப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

முதலில் முகம். பிறகு இடுப்புவரை. பிறகு காயம், பக்கத்தில் ஸ்கேலோடு. "முகம் இல்லாத காயம் அநாதைடி. யாரு வேணாலும் என்னது இல்லைன்னு சொல்லிடலாம்." ஸ்கேல் எதற்கு என்று கேட்டதற்கு, கிட்டப் போய்ப் பார்த்தால் நகக்கீறலும் வெட்டுக்காயம் போலத் தெரியும் என்றாள். எனக்கு உடனே எங்கள் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் பெல்ட்டால் எங்களை அடித்தது என் நினைவில் வருடக்கணக்காக நீள்கிறது. அக்காவைக் கேட்டால் மூன்று தடவை என்பாள். இரண்டில் எது பொய் என்று சொல்லமுடியவில்லை. நினைவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைக்க யாரும் இருப்பதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. எடுத்த படத்தை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக நம்பர் விழும். நடுவில் ஒன்று காணாமல் போனால் மொத்த ஃபைலையும் கோர்ட்டில் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மங்கிப்போனது, ஆடிப்போனது, கண் மூடியது எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கவேண்டும்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற ஒரு பெண் அங்கே மூன்று தடவை வந்தாள். அந்த அறையில் உதவிக்கு இருந்த வார்டு ஊழியருக்கு 'ரேடியோ' என்று பெயர், நிறுத்தவே முடியாது என்பதால். அவர்தான் அவளுக்குக் 'காலர்' என்று பெயர் வைத்தார். காலரின் கணவன் வெல்டிங் வேலை செய்பவன். முதல் தடவை முதுகில் மூன்று கோடுகள், விரல் தடிமன், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. படியில் விழுந்தேன் என்றாள். "படி உங்களை எண்ணி எண்ணி அடிச்சிருக்கு போல" என்றார் ரேடியோ. அக்கா அவரை முறைத்தாள். காலர் சிரித்துவிட்டாள். "சிரிக்காதீங்க" என்றாள் அக்கா.

இரண்டாவது தடவை முன்பல் இரண்டு இல்லை. அன்றைக்கு அவளுடைய அம்மா கூட வந்திருந்தார். ஒரு கேன்டீனில் சமைப்பவர். தீப்பட்டுத் தழும்பேறிய பெரிய கைகள். மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "இந்தத் தடவை எழுதிக் குடுத்துருடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காலர் எழுதிக் கொடுத்தாள். கேஸ் பதிவானது.

மூன்றாவது தடவை அவள் வந்தது ஒரு கெட்ட நாளில்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற இரண்டு கூட்டத்துக்குள் சண்டை. லாரி யாருடைய பக்கத்தில் நிற்பது என்பதுதான் தகராறு. மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கியை ஆளுக்கு ஆள் வீசியிருக்கிறார்கள். கொக்கி போய்ச் சேர்ந்த இடத்தில் துளை சின்னதாகத்தான் இருக்கும், இழுத்த பக்கம்தான் சதை திறந்துகிடக்கும். தொடை, தோள், ஒருவருக்கு வாய்க்குள் போய்க் கன்னத்தின் வழியாக வெளியே. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் போதாமல் கதவைக் கழற்றி அதில் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் திடீரென்று எழுந்து பக்கத்திலிருந்தவனின் புதுத் தையலில் எட்டி உதைத்தான். தையல் பிரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து படம்.

மத்தியானம் இரண்டு மணிக்குள் முப்பத்தேழு பேர். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வடிகால் அடைத்துக்கொண்டது. ரேடியோ முழங்கால்வரை பேண்டை மடித்துவிட்டு அதைக் குத்திக்கொண்டே, "இந்த ஊர்ல வெள்ளை வேட்டி எவனாவது கட்டுவானா இனிமே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாவதாகக் காலர் வந்தாள். கம்மலைப் பிடித்து இழுத்ததில் காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. கீழுதடு பிளந்திருந்தது. கழுத்தில் ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் ஒரு விரல். தானாகவே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கையைக் கொண்டுபோனாள், கிழிந்த மடலில் பட்டுக் கை தடுமாறியது. அக்கா அவள் முகவாயை ஒரு விரலால் நிமிர்த்தினாள். இரண்டடி பின்னால் போனாள். கேமராவை உயர்த்தினாள். பதினோரு வருடம் அவள் நாக்கில் குடியிருந்தது அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது.

"கொஞ்சம் சிரிங்க."

காலர் சிரித்தாள். சொன்னதைச் செய்து பழகியவள். பிளந்த உதட்டை இழுத்து, பல் இல்லாத இடம் தெரிய, கண்ணும் சேர்ந்து மலர, நன்றாகவே சிரித்தாள். கிளிக்.

"அய்யோ, சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று அக்கா பதறி அடுத்த படத்தை எடுத்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் முதல் படம் நம்பரோடு உள்ளே உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஏதாவது ஆகுமாடி?" என்றாள்.

"இருபது படத்துல ஒண்ணு. யாரு அதையெல்லாம் பாக்கப் போறா" என்றேன்.

அப்படிச் சொன்னது நான்தான்.

பார்த்தது எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அந்த ஒரு படத்தை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, கோர்ட்டுக்குள் இரண்டு பேர் தூக்கிவர நிறுத்தினார். அக்காவைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்கள். அதற்கு முதல்நாளே மருத்துவமனைப் பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நம்ம ரூம்ல நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை அதிகமா வந்தா, அந்த ரூமும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க." அப்போது வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். ஸ்டுடியோவில் ஸ்டாண்டைத் தூக்கிய நாளில் அவளை நம்பி யாரும் இல்லை.

"இந்தப் படம் நீங்க எடுத்ததுதானா?"

"ஆமா."

"இதுல ஏதாவது திருத்தம் செஞ்சிருக்கீங்களா?"

"இல்லை."

"இந்தம்மா என்ன பண்றாங்க இதுல?"

அக்கா அட்டையைப் பார்த்தாள்.

"அழறாங்களா?"

"இல்லை."

"அப்ப?"

"சிரிக்கிறாங்க."

"கழுத்தை நெரிச்சு, காதைப் பிச்சு, சாவுக்குத் தப்பிச்சு ஓடிவந்தவங்க," என்றார் வழக்கறிஞர், நீதிபதியின் பக்கம் திரும்பாமல், அந்த அட்டையையே பார்த்தபடி. "பார்த்தா ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு. அவ்வளவுதான். நீங்க போகலாம்."

போகலாம் என்றதும் அக்கா இறங்கிப் போய்விட்டாள். அந்த நான்கு படிகளை அவள் ஆயுள் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தாள்.

படம் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் அந்த முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் படத்தில் தெரிவது கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மட்டும். இந்தப் பக்கம் நின்று என்ன சொன்னோம், எந்தக் குரலில் சொன்னோம் என்பது எந்தப் படத்திலும் விழுவதில்லை. சிரிக்கச் சொன்னவர் எப்போதும் வெளியே நிற்கிறார். எங்கள் வீட்டில் அப்பா தோளில் கை போட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டி நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் எவ்வளவு ஒற்றுமை என்பார்கள்.

சந்தேகத்தின் பலனை வெல்டருக்குக் கொடுத்தார்கள். அவன் வெளியே வந்து நண்பர்களோடு பீடி பற்றவைத்தான். தீர்ப்பைக் கேட்க நானும் அக்காவும் போயிருந்தோம். கோர்ட் வராந்தாவில் காலர் அக்காவைத் தேடி வந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க சிரிங்கன்னு சொன்னீங்கதானே? நீங்க சொல்லித்தானே நான் சிரிச்சேன்?"

அக்கா தலையசைத்தாள்.

"சரி. இல்ல, எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, உனக்கு ஒண்ணும் அவ்வளவு வலிக்கல, அதான் சிரிச்சேன்னு. அந்தப் படத்தைப் பாத்தப்புறம் எனக்கே குழப்பமாயிடுச்சு. வலிச்சுதா இல்லையான்னு."

அப்படிக் கேட்டு உறுதி செய்துகொண்டு, வேறு வழி தெரியாமல், அவனோடு போனாள். தையல் போட்ட காது அவள் முந்தானையில் பாதி மறைந்திருந்தது.

ஆறாவது வாரம் அவளைப் பிணவறைக்குக் கொண்டுவந்தார்கள். பட்டறைச் சுத்தியல். எத்தனை அடி என்று டாக்டரால் எண்ணமுடியவில்லை. ஏழுக்கு மேல் என்று எழுதினார். "வேற யாரையாவது வரச் சொல்லட்டுமா?" என்று அக்காவைக் கேட்டார். "இவங்க படத்தோட நம்பர் எங்கிட்ட இருந்துதான் தொடருது" என்றாள். முதலில் முகம் எடுக்க வேண்டும். இடது பக்கம் முகம் இருந்தது. வலது பக்கம் எலும்பு உள்ளே போய், முடியும் சதையும் ஒன்றாகிக் கிடந்தது. கைகளின் வெளிப்புறம் முழுக்கக் காயம், தடுக்கப் பார்த்திருக்கிறாள். பத்து நகத்தில் ஆறு இல்லை. மொத்தம் நாற்பத்துநான்கு படங்கள். ஒன்றுகூட ஆடவில்லை. வெளியே வந்து, காலரின் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டிப் போய், சைக்கிள் நிறுத்துமிடத்தில் வாந்தி எடுத்தாள்.

கொலைக் கேஸுக்கும் அதே வழக்கறிஞர். இருவரும் சந்தோஷமாக வாழ்ந்தவர்கள், திடீரென்று வந்த வாய்ச்சண்டையில் கை மீறிவிட்டது, முன்பு கொடுத்த புகார் பொய் என்று கோர்ட்டே சொல்லியாகிவிட்டது என்பது அவருடைய வாதம். அதே அட்டையை மறுபடியும் தூக்கிவருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவுக்கும் சம்மன் வந்தது.

"இந்தத் தடவை சொல்லப் போறேன்" என்றாள்.

பிரிவுத் தலைவரிடம் போய் முன்கூட்டியே சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீங்களே உங்க கழுத்துல கயிறு மாட்டிக்கிறீங்க" என்றார். அவளே சொன்னாளோ, அவர் யாரிடமாவது சொன்னாரோ, நான்கு நாளில் விஷயம் வெல்டரின் தம்பிகளுக்குப் போய்விட்டது.

காலை எட்டு மணிக்கு வந்தார்கள், இரண்டு பேர். நான் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மூத்தவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். "யக்கா, உக்காருங்க, பேசிட்டுப் போயிடுறோம்" என்றான், மரியாதையாகத்தான். இளையவன் சட்டைக்குள்ளிருந்து இரும்புக் குழாயை எடுத்தான்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதையே சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே."

"அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பொண்ணு செத்துட்டா, தம்பி."

குழாய் முதலில் என் மணிக்கட்டில் விழுந்தது. நான் குறுக்கே கை நீட்டினேனாம், எனக்கு நினைவில்லை. எலும்பு உடைந்ததை நான் பார்த்தேன், வலி பிறகுதான் வந்தது. அடுத்தது அக்காவின் விலாவில், அதற்கடுத்தது காதுக்குப் பின்னால். அவள் மண்டியிட்டாள். தலையிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்க, அடுப்பைப் பிடித்து எழுந்தாள். கொதித்த பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் இரண்டு கையாலும் தூக்கி இளையவன் முகத்தில் கொட்டினாள். அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. குழாய் கீழே விழுந்து உருண்டது. அக்கா அதை எடுத்தாள். அவன் கீழே கிடந்து முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முட்டியில் ஒன்று, தோளில் ஒன்று. மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் முகம். நான் கத்தியதும் நிறுத்தினாள். மூத்தவன் தம்பியை அக்குளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஊரில் அவசரப் பிரிவு ஒன்றுதான். நாங்கள் போனபோது இளையவன் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான், தோல் உரிந்து, கண் வீங்கி மூடி. இரண்டு போலீஸ்காரர்கள் எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார்கள். காயப் பட அறையில் படம் எடுக்க ஆள் இல்லை. எடுக்க வேண்டியவளே ஸ்டூலில் இருந்தாள். ரேடியோ கேமராவைக் கையில் எடுத்தார்.

"முதல்ல முகம்" என்றாள் அக்கா.

"தெரியும் தெரியும். பத்து வருஷமா இதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்." கேமராவை உயர்த்தினார். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "சிரிக்காதீங்க" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்த விலா குத்த, "டேய் பாவி, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் படமும் நம்பரோடு இருக்கிறது. பிறகு, "அடுத்து அவனைக் கூப்பிடு" என்றாள்.

"எவனை?"

"வெளிய இருக்கானே. மருந்து தடவுறதுக்கு முன்னாடி எடு. வெந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்கேல் வை. முட்டியையும் எடு, அது நான் அடிச்சது."

"அவனுக்கு எதுக்குக்கா?"

"காயம்தானே. எடு."

காதுக்குப் பின்னால் இருந்த அவளுடைய காயம் நான்கரை சென்டிமீட்டர். தைத்தார்கள், ஆறியது. ஏழு மாதம் கழித்து ஒருநாள் அதே பக்கம் தலைவலி என்று படுத்தவள் எழவில்லை. மூளையில் திடீர் ரத்தக் கசிவு என்று எழுதிக் கொடுத்தார்கள். திடீர் என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கோர்ட்டுக்குப் போனது அடி வாங்கிய பன்னிரண்டாம் நாள். தலையில் கட்டோடு கூண்டில் ஏறினாள். அட்டையைத் தூக்கிவந்து நிறுத்தினார்கள். இத்தனை நாளில் அதன் மூலை மடங்கிப்போயிருந்தது. வழக்கறிஞர் அதே வரிசையில் கேட்டார். எடுத்தது நீங்களா, ஆமா. திருத்தமுண்டா, இல்லை. என்ன பண்றாங்க?

"நான் சிரிக்கச் சொன்னேன். அதனால சிரிக்கிறாங்க."

டைப் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி, "திரும்பச் சொல்லுங்க" என்றார்.

"முன்னாடி ஸ்டுடியோவுல வேலை பாத்தேன். அங்க எல்லாரையும் சிரிக்கச் சொல்லுவோம். அன்னைக்கு அசதியில வாய் தவறி அதையே சொல்லிட்டேன். அடுத்த நம்பர் படத்தைப் பாருங்க. அதுல சிரிப்பு இல்லை. ரெண்டுக்கும் நடுவுல மூணு செகண்டுதான். மூணு செகண்டுல யாரும் சந்தோஷத்துலேர்ந்து அந்த முகத்துக்குப் போக முடியாது."

"இதை முன்னாடியே ஏன் சொல்லலை?" வழக்கறிஞரின் குரல் உயர்ந்தது.

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. வேலை போயிடும்னு."

"அப்ப கோர்ட்டுல உண்மையை மறைச்சீங்க."

"ஆமா, மறைச்சேன்."

அன்று மத்தியானமே வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் கடிதம் தயாரானது. அடுத்த மாதம் வெல்டருக்கு ஆயுள் தண்டனை. பழைய புகார் பொய்யல்ல என்று தீர்ப்பில் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள்.

ஆனால் அந்த மத்தியானம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கூண்டிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்தோம். தூணோரம் காலரின் அம்மா நின்றிருந்தார். அக்கா அவரிடம் போனாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த அம்மா அறைந்தார். கேன்டீனில் அண்டாவைத் தூக்குகிற கை. அக்காவின் தலை திரும்பியது, கட்டு நழுவியது. மறு கன்னத்தில் ஒன்று. "அப்பவே சொல்லியிருந்தா இருந்திருப்பாளே! அப்பவே சொல்லியிருந்தா!" மார்பில், தோளில், பிறகு முஷ்டியை மடக்கி முதுகில். ஒவ்வொரு அடிக்கும் அதே வார்த்தை. உடைந்த விலாவில் ஒன்று விழுந்தபோது அக்கா மடங்கினாள், ஆனால் தள்ளிப்போகவில்லை. போலீஸ்காரர் ஓடிவந்தார். நான் கட்டுப்போட்ட கையோடு நடுவில் புகுந்தேன்.

"விடு. யாரும் வராதீங்க" என்றாள் அக்கா.

கை ஓய்ந்ததும் அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவும் தூணைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதட்டோரம் ரத்தம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. கடந்துபோனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மூச்சு அடங்கியதும் அந்த அம்மா பேசினார். "அவ முகமே வர மாட்டேங்குது. கண்ணை மூடினா அந்த வக்கீல் தூக்கிட்டு வந்து நிறுத்துனானே, அந்த அட்டைதான் வருது. அந்தச் சிரிப்பு. இல்லேன்னா அன்னைக்குப் பொட்டலமா கட்டிக் குடுத்தீங்களே, அது. இதுக்கு நடுவுல இருவத்தாறு வருஷம் இருந்தாளே, அந்த முகம் எங்க போச்சு?"

வேறு படம் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். எல்லாவற்றையும் மருமகன் கொளுத்திவிட்டானாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேலையில் பேசுவது போல, மேலிருந்து கீழாகச் சொல்ல ஆரம்பித்தாள். "நெத்தி சின்னது. முடி நடுவுல கொஞ்சம் இறங்கி வரும். இடது புருவத்துல ஒரு பழைய வெட்டு, அந்த இடத்துல முடி கிடையாது."

"வலது."

"இடதுங்கம்மா. மூணு தடவை எடுத்திருக்கேன்."

"நீ எதிர்ல நின்னு பாத்தே. உனக்கு அது இடது. அவளுக்கு வலது." அந்த அம்மாவின் கை தானாக எழுந்து காற்றில் ஒரு நெற்றியின் ஓரத்தைத் தொட்டது. "நாலு வயசுல கட்டில் கால்ல மோதிக்கிட்டா. நான்தான் துணியை வச்சு அழுத்திப் பிடிச்சிக்கிட்டே ஓடினேன். ஒரு சொட்டு அழலை, அந்தக் கழுதை. டாக்டரு மிட்டாய் குடுத்ததும்தான் அழுதா, அவ கேட்ட கலரு இல்லேன்னு."

"வலது" என்று அக்கா திருத்திக்கொண்டாள்.

"ம். அப்புறம்?"

"அப்புறம் மூக்கு."

"மூக்கை நீ சொல்லாத. மூக்கு என்னோடது" என்றார் அந்த அம்மா. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அக்கா பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "பாரு."

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.